நெருப்பு கேட்டது யார்?

ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழகம் கேட்டுவரும் கதை ஒன்று உண்டு. கோயிலிலே ஓதப்பட்ட கதை. காலட்சேப மேடையிலே பாடப்பட்ட கதை. வெள்ளித்திரையிலே ஆடிய கதை. கேட்டவர் கண்ணீர் வடித்தனர், கரம் குவித்தனர், வீடு திரும்பினர். "அந்த நல்லவனை நெருப்பிலே இறங்கச் சொன்னது ஏன்?" என்று கேட்டவரோ மிகச் சிலர். நந்தன் கதையைத்தான் கூறுகிறேன், தோழர்களே!

இலக்கியப் பாத்திரங்களை ஆராய்வோர், "குணம் என்ன, குறை என்ன, உவமை எத்தனை" என்று எண்ணி எழுதி முடித்துவிடுகின்றனர். அது போதாது. ஒரு பாத்திரம் ஒரு புலவன் கையிலிருந்து மற்றொரு புலவன் கைக்கு மாறும்போது என்ன சேர்ந்தது, என்ன கழிந்தது, எது மட்டும் மாறாமல் நின்றது என்று காணவேண்டும். அப்படிக் கண்டால், பாத்திரத்தின் வரலாறு மட்டுமல்ல, அதைப் படைத்த சமுதாயத்தின் வரலாறும் வெளிப்படும். நந்தன் அதற்கு நல்லதோர் சான்று.

முதலில் சுந்தரர். அவருடைய திருத்தொண்டத்தொகையிலே திருநாளைப்போவார் என்ற பெயர் வருகிறது, அவ்வளவே. ஊர் இல்லை, குலம் இல்லை, கதை இல்லை. அடுத்து வந்தவர் நம்பியாண்டார் நம்பி. அவருடைய திருத்தொண்டர் திருவந்தாதியிலே ஊர் வருகிறது, ஆதனூர் என்று. குலம் வருகிறது, புலைமை என்று. அந்தப் புலைமை போய் அவர் முனிவராயினார் என்றும், தில்லை மூவாயிரவர் கைகூப்பினர் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் எரி வளர்த்த செய்தி அந்தப் பாட்டிலே இல்லை!

நெருப்பு எரிவது சேக்கிழார் காவியத்திலே. பன்னிரண்டாம் நூற்றாண்டு, சோழப் பேரரசின் காலம், கோயில் செல்வமும் செல்வாக்கும் கொழித்த நேரம். சேக்கிழாரின் புலமையை நாம் குறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆதனூர்ச் சேரியை அவர் தீட்டியுள்ள ஓவியம் அரியது. கூரைக் குடிசைகளையும், முற்றத்துத் தோல்களையும், கோழியையும் நாயையும் குழந்தைகளையும், உழைக்கும் பெண்டிரையும் கண்ணெதிரே நிறுத்துகிறார். காவியங்கள் அரண்மனையைப் பாடிய நாட்டிலே, சேரியைப் பாட ஒரு பெரும்புலவர் முன்வந்தார் என்பது சிறிய செய்தியன்று.

அந்தச் சேரியிலே பிறந்த நந்தன் என்ன செய்கிறான்? கோயில் முரசுகளுக்குப் போர்க்கத் தோல் தருகிறான். இழுத்துக் கட்ட வார் தருகிறான். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தருகிறான். அவன் தந்த தோல் உள்ளே முழங்குகிறது. தந்த கை வெளியே நிற்கிறது! நரம்புக்கு இல்லாத தீட்டு, அதை முறுக்கிய விரலுக்கு எங்கிருந்து வந்தது? காவியமே இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு வேண்டிய சான்றுகளைத் தருகிறது. கேள்வியை மட்டும் எழுப்பவில்லை.

திருப்புன்கூருக்குச் செல்கிறான் நந்தன். வாயிலுக்கு வெளியே நின்று காண விரும்புகிறான். நடுவிலே நந்தி மறைக்கிறது. இறைவன் ஆணைப்படி நந்தி விலகுகிறது. நல்லது! பின்னர் தில்லை. எல்லையிலே நின்று வேள்விப் புகையைக் காண்கிறான். இந்த இழிந்த பிறவி தடையாயிற்றே என்று தன்னையே நொந்துகொள்கிறான். இறைவன் கனவிலே தோன்றுகிறார். இம்முறை எவரையும் விலகச் சொல்லவில்லை. இந்தப் பிறவி நீங்க நெருப்பிலே மூழ்கிப் பூணூல் மார்பினருடன் வருக என்கிறார். தில்லை அந்தணரிடமும் எரி அமைக்குமாறு கூறுகிறார். தென்வாயிலின் புறத்தே தீ மூட்டப்படுகிறது. நந்தன் புகுகிறான், சடையும் பூணூலும் துலங்கும் முனிவனாக எழுகிறான், கோயிலுள்ளே சென்று மறைகிறான்.

சிந்தியுங்கள்! திருப்புன்கூரிலே கல் விலகிற்று. தில்லையிலே மனிதர் விலகவில்லை. தீ மூட்டுக என்று அந்தணருக்கு ஆணையிட முடிந்த ஆண்டவனுக்கு, கதவைத் திற என்று ஆணையிட முடியாமற் போனது ஏன்? உள்ளே சென்றது நந்தனா, பூணூலா? நந்தன் நந்தனாகவே நுழைந்திருந்தால் சாதி தோற்றிருக்கும். நெருப்பு அவனை மாற்றிய பிறகு நுழைந்ததால் சாதி வென்றது, பக்தியும் பாராட்டப்பட்டது. நெருப்பினும் கொடிது ஒன்று உண்டு. தன் பிறவி இழிந்தது என்று நந்தன் வாயாலேயே சொல்லவைத்ததுதான் அது. அடிப்பவன் கையிலுள்ள கோலைவிட, அடிபடுபவன் நெஞ்சிலே ஊன்றப்பட்ட நம்பிக்கை வலிமை மிக்கது.

நூற்றாண்டுகள் உருண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினார். இலக்கணப் பிழை கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாட்டைக் கேட்டு உருகிய பின்னர் தந்தார் என்பது உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசேயின் ஆதரவில் நூல் அச்சேறியது.

பாரதியார் ஒரு புதுமை செய்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார்: பண்ணைக்கு உடைய வேதியர். சேக்கிழாரின் நந்தன், ஊர்ப்பணிக்கென விடப்பட்ட நிலத்திலே உணவு பெற்றவன். பாரதியாரின் நந்தனோ பண்ணையாள். சிதம்பரம் செல்ல விடை கேட்கிறான், ஆண்டை மறுக்கிறார், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார். ஓரிரவிலே இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அதன் பிறகே ஆண்டையின் நெஞ்சு இளகுகிறது; நந்தன் காலிலே விழுகிறார். விளைச்சல் முன்னே, விவேகம் பின்னே!

இந்த வேதியர் வானத்திலிருந்து குதித்தவரல்லர். தஞ்சைத் தரணியின் பண்ணைகளிலே பாரதியார் காலத்தில் நடமாடியவர். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையில்லை என்று 1843இல் அரசு அறிவித்தபோதிலும், பண்ணையாளின் கால்கட்டு அவிழவில்லை. அந்த உண்மையைப் பாட்டிலே ஏற்றினார் பாரதியார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால், ஆண்டையைச் சேர்க்கத் துணிந்த கை, அனலை நீக்கத் துணிந்ததா? இல்லை. தீ அப்படியே எரிந்தது.

பின்னர் திரைப்படம் வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேச்சு. 1942இல் ஜெமினி நிறுவனத்தின் படத்திலே தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். இரண்டு படங்களுக்கும் இடையே, 1939இல், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தனர். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. முதற்படம் ஓடிய நாளில், திரையிலே நந்தன் சிதம்பரம் சேர்ந்தான்; வெளியே அவன் பேரப்பிள்ளைகளுக்குப் பெருங்கோயில்களின் கதவுகள் அடைபட்டே கிடந்தன.

நெருப்பைத் தொட்டவர் இல்லையா? உண்டு. புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' கதையிலே வேள்வித் தீக்குப் பதில் ரயில் வருகிறது. அதன் அடியிலே சேரிக் கிழவனும், அவனைக் காக்க ஓடிய இளைஞர் இருவரும் மடிகின்றனர். பின்னாளில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில், தீயை அற்புதமாகக் காட்டாமல் சூழ்ச்சியாகவே காட்டினார்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோ சிரிப்பாலேயே தீயை அணைத்தார்! அறிஞர் அண்ணா எழுதி 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே, கலைவாணர் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் போலவே கிந்தனும் சேரியிலே பிறந்தவன். ஆனால் அவன் தேடியது கோபுரமன்று, கல்வி. அவன் புகுந்தது தீக்குழியிலன்று, ரயில் வண்டியிலே. பட்டணம் போய்ப் படித்து, தலைநிமிர்ந்தான். உருமாறவில்லை, உயர்ந்தான்.

மேடைக்கும் முன்னரே மண்ணிலே நடந்த மாற்றம் ஒன்றும் உண்டு. எந்தத் தில்லையிலே நந்தனுக்குத் தீ மூட்டப்பட்டதாகக் கதை சொல்லிற்றோ, அதே சிதம்பரத்திலே 1916இல், தாழ்த்தப்பட்ட மரபிலே தோன்றிய சுவாமி சகஜானந்தர், நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நெருப்பின் ஊரிலே நெடுங்கணக்கு ஒலித்தது! நந்தன் உண்மையிலே உள்ளே நுழைந்த வாயில் அதுவே என்பேன்.

ஆகவே தோழர்களே, பழைய ஏடுகளை எறியச் சொல்லவில்லை. எடுத்துப் படியுங்கள் என்கிறேன். சேக்கிழாரையும் படியுங்கள், பாரதியாரையும் படியுங்கள், கலைவாணரையும் காணுங்கள். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்திடமும் கேளுங்கள்: உன்னைப் பேசவைத்தவர் யார்? உன் வாயிலே தம் சொல்லை வைத்தவர் யார்? எல்லாவற்றையும் மாற்றியவர், எதை மாற்ற அஞ்சினார்?

"நாளைப் போவேன்" என்று நாள்தோறும் சொன்னான் என்பதால் அவன் நாளைப்போவான் ஆனான். அவனுக்கு "இன்று" இல்லாமற் செய்தது எது என்று கேட்பதே இலக்கிய ஆராய்ச்சி. அந்தக் கேள்வியைக் கேட்கும் தலைமுறைக்கு, மூட்டிய நெருப்பைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றாது. அதை அணைக்கவே தோன்றும்.