தேர்தலும் நகரச் சுவரும்

தேர்தல் நெருங்கிவிட்டது என்பதை நம் நாட்டில் பத்திரிகைக்கு முன்னரே அறிவிப்பது தெருச்சுவர். ஓரிரவில் அதன்மீது சுண்ணாம்பு ஏறும். மறுநாள் சின்னம் தோன்றும். அதனை அடுத்து அபேட்சகரின் பெயர் விளங்கும். இச்சுவருக்கு உரிமை கொண்டாடுவோர் மூவர். சுவரைக் கட்டிய வீட்டுக்காரர் ஒருவர். நகரத்தின் தூய்மையைக் காக்கக் கடமைப்பட்ட நகரசபை மற்றொன்று. மக்களிடம் செய்தி சொல்ல விழையும் கட்சி மூன்றாவது. இம்மூவர் வழக்கையும் நமது சட்டங்கள் எவ்வாறு தீர்க்க முயன்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1951-52ஆம் ஆண்டுகளில் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றபோது வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேற்பட்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் தேர்தல் கமிஷன் கட்சிகளுக்குச் சின்னங்களை வழங்கியது. படிக்கத் தெரியாதவரும் காளையையும் கதிரையும் குடிசையையும் கண்டு தெளிவர் அல்லவா? அச்சின்னத்தைக் காட்டுதற்குச் சுவரினும் மலிவான இடம் வேறில்லை. கல்கத்தா நகரிலே தெருவில் திரிந்த பசுக்களின் முதுகிலும் வாக்கு வேண்டி எழுதினர் எனச் சரித்திர ஆசிரியர் குறிப்பர்.

அக்காலத்து நகரசபைச் சட்டங்கள் இவ்வெள்ளத்தை எதிர்நோக்கி இயற்றப்பட்டவை அல்ல. அவை வியாபாரியின் விளம்பரத்தையே கருத்திற் கொண்டவை. 1888ஆம் ஆண்டின் பம்பாய் முனிசிபல் சட்டம், கட்டடங்களின் மேல் வானளாவ நிறுத்தப்படும் விளம்பரப் பலகைகளுக்கு அனுமதி பெறவேண்டும் என விதித்தது. பெயர்ந்து விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்பதே அவ்விதியின் கருத்து.

1957ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டமோ ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்தது. விளம்பரங்களுக்கு வரி விதிக்க அது வகை செய்தது; ஆயின் பொதுக்கூட்டம் பற்றிய விளம்பரத்திற்கும், பார்லிமெண்ட் அல்லது மாநகராட்சித் தேர்தல் பற்றிய விளம்பரத்திற்கும் வரி இல்லை என விலக்களித்தது. சோப்பு விற்பவர் வரி செலுத்த வேண்டும். வாக்குக் கேட்பவர் செலுத்த வேண்டியதில்லை. அரசியற் பேச்சு வாணிகம் அன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. எனினும் வரிவிலக்கு என்பது பிறர் சுவரில் எழுதுவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

அவ்வுரிமை பற்றிய கேள்விக்கு 1959ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் விடை கூறிற்று. பொதுமக்கள் பார்வையில் படும் இடங்கள் உருக்குலைவதைத் தடுக்க எழுந்த அச்சட்டம், உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி விளம்பரம் ஒட்டுவதையும் எழுதுவதையும் குற்றம் ஆக்கியது. எழுதியது நன்றா தீதா என்பது இங்கே கேள்வி அன்று; எவருடைய சுவர் என்பதே கேள்வி.

சுவர் யாருடையது என்று தெரிந்தால் மட்டும் போதுமா? ஒட்டியவர் யார் என்றும் தெரிய வேண்டும். 1961இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தேர்தல் சுவரொட்டி ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் விலாசமும் இருத்தல் வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் எனப்பட்டது. பெயரற்ற தாள் அவதூறுக்கு வழி. அதனை அகற்றும் செலவைக் கேட்பதற்கும் ஆள் இல்லை.

சட்டத்திற்குப் புறம்பே கட்சிகள் தாமே ஏற்ற ஒழுங்கும் ஒன்றுண்டு. 1960இல் கேரளச் சட்டசபைத் தேர்தலின்போது கூட்டம், ஊர்வலம், சுவரொட்டி முதலியவற்றைப் பற்றி ஒரு நடத்தை நெறி வகுக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அது நாடெங்கும் உள்ள கட்சிகளுக்கு அனுப்பப்பட்டது. அதன் வழிவந்த நன்னடத்தை விதிகள் இரண்டு செய்திகளைக் கூறுகின்றன. அனுமதியின்றி எவருடைய நிலத்திலும் மதிலிலும் கொடி நாட்டலாகாது, எழுதலாகாது என்பது ஒன்று. ஒரு கட்சியின் சுவரொட்டியை மற்றொரு கட்சியினர் அகற்றலாகாது என்பது மற்றொன்று. நீக்கும் அதிகாரம் போட்டியாளரிடம் இருந்தால் ஒழுங்கு என்ற பெயரால் கலகமே விளையும். இந்நெறி ஏட்டளவில் நில்லாது வலுப்பெற்றது, 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் கமிஷனராயிருந்த டி. என். சேஷன் காலத்தில்.

மேற்கு வங்காளத்தில் 1976ஆம் ஆண்டிலேயே சொத்துக்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் கமிஷன் அதனைக் கண்டிப்பாக நிறைவேற்றியது. கேலிச்சித்திரங்களுக்கும் நையாண்டிப் பாக்களுக்கும் பெயர்பெற்ற கல்கத்தாச் சுவர்கள் மௌனமாயின. பின்வந்த தேர்தல்களில் உரிமையாளர் சம்மதத்துடன் எழுத்து மீண்டும் தோன்றியது. இங்கே மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். சுவரெழுத்துக்கு வர்ணமும் தூரிகையும் தொண்டனின் உழைப்பும் போதும். அதனை முற்றும் விலக்கினால், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இடம் வாங்கப் பணமுள்ளவரின் குரல் மட்டுமே கேட்கும். தூய்மைக்கு நாம் கொடுக்கும் விலை ஏழை அபேட்சகனின் வாய்ப்பாக இருத்தல் தகாது.

தேர்தல் கமிஷனின் பிற்கால ஆணைகள் இவ்விரு நன்மைகளையும் ஒருங்கே நோக்குகின்றன. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் சர்க்கார் கட்டடங்களிலுள்ள விளம்பரங்கள் 24 மணி நேரத்திலும், பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் உள்ளவை 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களில் அனுமதியின்றி உள்ளவை 72 மணி நேரத்திலும் அகற்றப்படல் வேண்டும். உள்ளூர்ச் சட்டம் இடந்தரும் ஊர்களில் உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தைப் பெற்று, அதன் பிரதியை 3 நாட்களுக்குள் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைத்தல் வேண்டும். பொது விளம்பர இடங்கள் எல்லாக் கட்சிகளுக்கும் சமவாய்ப்புடன் கிடைத்தல் வேண்டும். உரியவர் அகற்றாவிடில் அதிகாரிகளே அகற்றுவர். அச்செலவு அபேட்சகரின் தேர்தல் கணக்கில் சேரும். சிறு அபராதத்திற்கு அஞ்சாதவரும் கணக்கிற்கு அஞ்சுவர்; ஏனெனில் உச்சவரம்பை மீறிய செலவு முறைகேடான நடவடிக்கை ஆகும்; அதனால் வெற்றியே செல்லாததாகலாம்.

இக்கோட்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. டில்லியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் சுவரை அலங்கோலப்படுத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இருந்தும், 2024இல் டில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் கல்லூரிச் சுவர்களும் வீதிகளும் சுவரொட்டியில் மூழ்கின. செப்டம்பர் 27இல் வாக்குப்பதிவு நடந்தது; ஆயின் சுவர்கள் சுத்தமாகும் வரை வாக்குகளை எண்ணலாகாது என ஹைகோர்ட் தடுத்துவிட்டது. நவம்பர் 25ஆம் தேதிதான் முடிவு வெளியாயிற்று. வென்றவர் யார் என அறிய மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தனர்.

இச்சரித்திரத்தில் சட்டம் கேட்ட கேள்விகள் படிப்படியாக வளர்ந்துள்ளன. விழுந்தால் ஆபத்தா என முதலில் கேட்டது. எவருடைய சுவர் எனப் பின்னர் கேட்டது. எழுதியவர் யார் என அதன்பின் கேட்டது. இப்போது அழிப்பவர் யார், செலவு யாருடையது எனக் கேட்கிறது. வாக்குக் கேட்க வருவோரிடம் வீட்டுக்காரரும் இதே கேள்விகளைக் கேட்கலாம். சம்மதம் தருவதும் மறுப்பதும் அவருடைய உரிமை. வாக்குச்சீட்டைப் போலவே அதனையும் அச்சமின்றி அவர் பயன்படுத்த இயலும்போதுதான் இவ்விதிகள் முழுப்பயன் தரும்.