ஜப்பானுக்குக் குடிவந்த பேச்சு விளையாட்டு



தாயக்கட்டை பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஒசாகாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். "சார், என் மகள் சிநேகிதிகளோடு விடிய விடிய ஒன்று விளையாடுகிறாள். பலகை இல்லை, காய் இல்லை, வெறும் பேச்சுதான். பெயர் கதுல்ஹு. அமெரிக்க விளையாட்டாம். இங்கே எப்படி சார் வந்தது?" வரலாற்று வாத்தியாரிடம் "எப்படி வந்தது" என்று கேட்டால் பதில் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். "கதவைத் திறக்கிறேன்" என்பார் ஒருவர். "பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது" என்பார் நடத்துபவர். கதவை உடைக்க முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அதிலிருந்து கதை வேறு பக்கம் திரும்பும். யார் ஜெயித்தார் என்ற கேள்வியே கிடையாது.

இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது, 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கதுல்ஹு ஏழு வருஷம் இளையது. லவ்கிராஃப்ட் என்ற திகில் கதாசிரியர் 1928-ல் வெளியிட்ட ஒரு கதையின் பெயரைக் கடன்வாங்கி, 1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதியது. அமெரிக்காவில் இன்றைக்கும் மூத்ததற்குத்தான் மவுசு. இளையதை விவரம் தெரிந்தவர்கள்தான் தேடிப்போவார்கள். ஜப்பானில் நிலைமை தலைகீழ்!

இரண்டும் அங்கே ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய் இறங்கின. மூத்தது 1985-லும் கதுல்ஹு 1986-லும் ஜப்பானிய மொழியில் வந்தன. அதே 1986-ல் டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ கேம் வந்து நாட்டையே பிடித்துக்கொண்டது. ஆர்.பி.ஜி. என்றால் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து ஆடுவது என்று ஆகிவிட்டது. உண்மையான மூதாதைக்குத்தான் புதுப்பெயர் தேவைப்பட்டது. மேசைப் பேச்சு என்ற பொருளில் 'டேபிள்டாக் ஆர்.பி.ஜி.' என்று வைத்தார்கள். பேச்சுதான் ஆட்டம் என்பதைப் பெயரிலேயே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெயரை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சதுரங்கத்தைப் புத்தகம் பார்த்துக் கற்கலாம். இதை அப்படிக் கற்க முடியாது. நடத்துபவர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எப்போது பகடையை எடுக்கச் சொல்ல வேண்டும், ஆடுபவர் கோமாளித்தனம் செய்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் வராது. ஆடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒருவருக்குமே தெரியாத ஊரில் என்ன செய்வது?

இங்கேதான் ஜப்பானியர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். 1986-ல் காம்ப்டிக் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுப் பத்திரிகையில், யசுதா ஹிதோஷியைச் சுற்றியிருந்த ஒரு குழு, தாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியபோது பேசிய பேச்சை நாடக வசனம் போலத் தொடராக வெளியிட்டது. பகடையில் என்ன விழுந்தது, யார் யாரைக் கிண்டல் செய்தார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள் எல்லாம் அதில் உண்டு. இதற்கு 'ரீப்ளே' என்று பெயர். கதை நடத்தியவர் மிசுனோ ரியோ. அதையே பிறகு லோடோஸ் தீவுப் போர் என்ற நாவல் வரிசையாக எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதில் எல்லோர் மனதையும் கவர்ந்த வனதேவதைப் பெண் டீட்லிட்டாக மேசையில் பேசியவர் ஓர் ஆண், அறிவியல் புனைகதை எழுத்தாளர் யமமோட்டோ ஹிரோஷி. ஸ்திரீபார்ட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல!

பி.எட். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பாடத்திட்டம் எழுதுவதை எத்தனை பக்கம் படித்தாலும், அனுபவப்பட்ட ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து கவனித்த பிறகுதான் கரும்பலகை முன் நிற்கத் தைரியம் வரும். ரீப்ளே அந்தக் கடைசி பெஞ்சு. ஊருக்கு ஊர் ஆசான் இல்லாத குறையை அச்சு தீர்த்துவைத்தது.

விலை விஷயத்திலும் யோசித்தார்கள். பெட்டி பெட்டியாக விற்ற ஆட்டத்தைச் சட்டைப்பை அளவு மலிவுப் புத்தகமாக மாற்றினார்கள். டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ் என்ற வேறொரு அமெரிக்க ஆட்டம் 1987-ல் அப்படி வந்தது. 1989-ல் யசுதாவின் குழுவே ஸ்வோர்டு வேர்ல்டு என்ற சொந்த ஆட்டத்தை அதே வடிவில் கொண்டுவந்தது. அதற்குச் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும். எட்டுமுகம், இருபதுமுகம் என்று கடை கடையாகத் தேட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் கைக்காசுக்குள் ஆட்டம் வந்துவிட்டது.

பிறகு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சரிவு. பிள்ளைகள் சீட்டு சேகரித்து ஆடும் மேஜிக் போன்றவற்றுக்கும் வீடியோ கேமுக்கும் போய்விட்டார்கள். அந்தக் காலத்தைப் பனிக்காலம் என்றே அங்கே சொல்கிறார்கள். இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

கதுல்ஹு மீண்டது அதற்குப் பிறகு. 2004-ல் புதிய பதிப்பு வந்தது. 2006-ன் கடைசியில் நிகோநிகோ என்ற காணொளித் தளம் தொடங்கியது. இளைஞர்கள் ரீப்ளேயைக் காணொளியாகச் செய்து அதில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கணினிக் குரலில் பொம்மைகள் பேசும். பழைய கடைசி பெஞ்சுதான், இப்போது லட்சம் பேர் உட்காரலாம். அப்படிக் காட்டுவதற்கு இந்த ஆட்டம் தோதாகவும் இருந்தது. மாயாஜாலம் தெரிந்த வீரர்கள் வேண்டாம். பேராசிரியர், பத்திரிகைக்காரர், டாக்டர் என்று நம்மைப்போல் ஆட்கள் போதும். மாதக்கணக்கில் ஆட வேண்டாம். ஒரு மர்மம் ஒரே ராத்திரியில் முடியும். விதியும் சுலபம். உங்கள் திறமை நூற்றுக்கு நாற்பது என்றால், பகடையில் நாற்பதோ அதற்குக் கீழோ விழ வேண்டும். புத்தி தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் அது குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இந்த ஆட்டத்தில் 'நூலகத்தில் தேடுதல்' ஒரு திறமையாக மதிப்பெண் பெறுகிறது. வாளோடு போகிறவனைவிட, தூசி தட்டிப் பழைய செய்தித்தாளைப் புரட்டுகிறவனுக்கே இங்கே உயிர் பிழைக்க வழி தெரியும்.

காணொளியைப் பார்ப்பதோடு நின்றுவிட்டு மேசைக்கே வராதவர்களும் உண்டுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். கிரிக்கெட் பார்க்கிற நாம் எல்லோரும் மட்டை பிடித்தவர்களா என்ன?

2019 டிசம்பரில் அடுத்த புதிய பதிப்பும் ஜப்பானிய மொழியில் வந்துவிட்டது. ஒசாகா மாணவிக்கு ஒரு வேண்டுகோள். உன் மகள் அடுத்த முறை ஆடும்போது, ஒரு மணி நேரப் பேச்சையாவது தமிழில் எழுதி அனுப்பச் சொல்லம்மா. விதிகள் வேண்டாம், பேச்சு மட்டும் போதும்.