சுண்டெலிகளும் பகிர்ந்த அளவீடுகளும்

1947 அக்டோபரில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் பரவிய காட்டுத்தீ, ஜாக்சன் ஆய்வுக்கூடத்தையும் விழுங்கிற்று. மரபியல் ஆய்வுக்கென உடன்பிறப்புகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வளர்த்த சுண்டெலிகள் பல்லாயிரம் மாண்டன. முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள் அவற்றின் வழித்தோன்றல்களை அனுப்பிவைத்தனர். பிறர்க்கு ஈந்தவையே அன்று கைகொடுத்தன!

ஆயினும் எலிக்குலம் ஒன்றானால் முடிவும் ஒன்றாகும் என நாம் எண்ணிவிடலாகாது. ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாந்து நகர்களில் ஒரே குலங்களை ஒரே வகைக் கருவிகளால் ஒரே வேளையில் சோதித்த முடிவுகள் 1999இல் வெளிவந்தன. மதுவை நாடும் இயல்பு மூவிடத்தும் பெரிதும் ஒத்திருந்தது. அச்சத்தை அளந்த சோதனையோ இடத்துக்கிடம் மாறிற்று. அளவீடுகளை அருகருகே வைத்ததாலன்றோ இது புலப்பட்டது? இன்று அதே ஜாக்சன் கூடத்தில், எலிகளோடு பல ஆய்வாளரின் அளவீடுகளும் திரட்டப்பட்டு, நாடுவோர்க்கெல்லாம் திறந்திருக்கின்றன.