சுட்டும் பெயரும்: சோதனைக் கருவிகளின் வரலாற்றில் ஒரு மொழியியல் சிக்கல்

ஒரு செயலியைத் திறந்து, பொத்தான்களை அழுத்தி, கட்டங்களை நிரப்பி, வந்த விடை சரியா என்று மனிதருக்குப் பதிலாகத் தாமே பார்க்கும் நிரல்களைத் தானியங்குச் சோதனைக் கருவிகள் என்கிறோம். இவற்றின் வரலாற்றைப் பொறியியலார் வேகம், செலவு என்னும் அளவுகோல்களால் எழுதுவர். அவ்வரலாற்றின் நடுவே இருப்பது மொழியியல் வினா ஒன்று என்பது என் கருத்து: திரையிலுள்ள பல பொருள்களுள் 'இதை' அழுத்து என்று ஒரு கருவிக்கு எவ்வாறு சொல்வது?

1989இல் தொடங்கப்பட்ட மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், 1990களில் மேசைக்கணினிச் செயலிகளைச் சோதிக்கப் பரவலாகப் பயன்பட்டது. அதில் இரு பதிவுமுறைகள் இருந்தன. ஒன்று, மவுஸ் சென்ற பாதையைத் திரையின் புள்ளிகளாகவே பதிவது. மற்றொன்று, பொத்தானின் வகையையும் அதன்மேல் எழுதிய சொல்லையும் குறித்து, அதற்கொரு பெயரிட்டு அட்டவணையில் வைப்பது. முன்னது சுட்டு, பின்னது பெயர். தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்கிறது. சுட்டுக்குப் பொருள் தருவது பேசுவோர் நிற்கும் இடம். இடம் மாறினால் 'இது' வேறொன்றாகிவிடும். திரையில் பொத்தான் சற்று நகர்ந்தாலே முதல்முறைப் பதிவு பிழைத்துப்போனது இதனால்தான்.

பெயரும் சிக்கலற்றதன்று. மும்பைத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா ஒரு நிலையம். மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு இன்னொன்று. 'மாட்டுங்காவில் இறங்கு' என்றால் போதாது. கிங்ஸ் சர்க்கிள் பூங்கா ஏட்டில் மகேஸ்வரி உத்யான். பேச்சில் இன்றும் கிங்ஸ் சர்க்கிள். தாராவியிலோ '90 அடி சாலையிலிருந்து மூன்றாவது சந்து, இடப்பக்கம் இரண்டாம் வாசல்' என்பது போன்ற வழிக்குறிப்பே கைகொடுக்கும். நடுவில் ஒரு வாசல் கூடினால் அதுவும் பொய்க்கும். ஒரே பெயர் இரண்டுக்கு இருத்தல், பெயர் மாறுதல், வழி மாறுதல் ஆகிய மூன்று இடர்களும் வலைப்பக்கச் சோதனையில் அப்படியே உண்டு.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஜேசன் ஹக்கின்ஸ், பணிநேரத்தையும் செலவுகளையும் பதியும் ஓர் உள்ளகச் செயலியைச் சோதிக்கச் செலினியம் கருவியை உருவாக்கினார். பாதரச நஞ்சுக்குச் செலினியம் முறிவு என்பது பெயருக்குள் இருந்த பகடி. பாதரசம் என்றால் மெர்க்குரி. (அந்த மெர்க்குரியை 2006இல் எச்பி ஏறத்தாழ 450 கோடி டாலருக்கு வாங்கியது. பகடி விலையைக் குறைக்கவில்லை.) செலினியத்தில் ஒரு பொருளை அதன் அடையாளக்குறியால் அழைக்கலாம், இணைப்பின்மேல் கண்ணுக்குத் தெரியும் சொல்லால் அழைக்கலாம், எக்ஸ்பாத் என்னும் தாராவிப் பாணி வழிக்குறிப்பாலும் அழைக்கலாம். உலாவியை இயக்கும் அதன் வெப்டிரைவர் முறை 2018இல் டபிள்யூ3சியின் தரமாயிற்று.

கருவி ஒன்றானாலும் உலாவிகள் பல. ஒரே பக்கத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காட்டின. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பழைய பதிப்புகள் பெருந்தொல்லை. இத்தொல்லையே தொழிலானது மும்பையில். ஐஐடி பாம்பேயில் பயின்ற ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011இல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், பல்வேறு உலாவிகளையும், பின்னர் உண்மையான கைபேசிகளையும், இணையம் வழியே வாடகைக்குத் தந்தது. 2021இல் முதலீட்டாளர்கள் அதனை 400 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் கணித்தனர்.

தமிழைப் பொறுத்தவரை உண்மையான கைபேசி ஆடம்பரமன்று. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவே இல்லை. திரையில் வெறும் கட்டங்கள் தோன்றின. ஆயினும் பக்கத்தின் உள்ளே எழுத்துக்குறிகள் சரியாகவே இருந்தன. குறிகளை மட்டும் ஒப்பிடும் சோதனை 'தேர்ச்சி' என்றே சொல்லும். மறுதலையும் நிகழும்: யூனிகோடில் 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறியிட்டும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிடும் நிரலோ 'தோல்வி' என்னும். பார்க்க முடியாததைக் கண்டு தவறென்றும், பார்க்க வேண்டியதைக் காணாமல் சரியென்றும் சொல்கிற தேர்வாளர் இது.

கைபேசிச் செயலிகளில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2012இல் லண்டனில் நடந்த செலினியம் மாநாட்டில் டான் குயேயர் அறிமுகப்படுத்திய கருவியே பின்னர் அப்பியம் ஆனது. அதில் ஒரு பொத்தானை அழைக்கும் விருப்பமான வழிகளுள் ஒன்று, ஆண்ட்ராய்டில் அப்பொத்தானுக்குத் தரப்பட்ட விளக்கச்சொல். அச்சொல் முதலில் கருவிக்காக ஏற்பட்டதன்று. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் உரக்க ஒலிப்பது அதையே. மேசைக்கணினியிலும் கதை இதுதான்: 1997இல் மைக்ரோசாஃப்ட் திரைபடிப்பான்களுக்காகத் திறந்த வாசல் வழியாகவே சோதனைக் கருவிகளும் நுழைந்தன. விளைவு, செயலி தமிழாக்கப்பட்டு அவ்விளக்கம் 'பணம் செலுத்து' என்று மாறினால் பழைய சோதனை உடைகிறது. உடையாதிருக்க வேண்டுமென்று நிரலர் அவ்விடத்தில் 'பிடிஎன்_பே_02' என எழுதினால், பார்வையற்ற பயனர் காதில் விழுவது அந்தச் சங்கேதம். நிரலர் கண்ணுக்கு இது தெரிவதேயில்லை; சோதனையும் தேர்ச்சி பெறுகிறது.

இத்தனைக்கும் மாற்றுவழி கையருகே உண்டு. ஆண்ட்ராய்டில் உரக்கப் படிக்கப்படாத தனி அடையாளக்குறி இருக்கிறது. ஐஃபோனிலும் குரலுக்கு ஒரு பெயர், கருவிக்கு ஒரு பெயர் என்று இரண்டு இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. தமிழ் முதல் இடத்திலும் சங்கேதம் இரண்டாம் இடத்திலும் எழுதப்பட்டால் போதும்.