கூட்டம் கூடியது, குடும்பம் மீண்டதா?

1983 பிப்ரவரி 19ஆம் நாள், அன்றைய பிரதமர் மகாதீர் போதைப்பொருளை மலேசியாவின் முதல் எதிரியாக அறிவித்தார். அதற்கு முன்பே, 1976இல் ‘பெமாடாம்’ எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சங்கம் தோன்றிவிட்டது. அரசாங்கம் மட்டும் போதாது, சமூகமும் களத்தில் இறங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

ஆனால், சமூகம் செய்த வேலை பலன் தந்ததா என்பதை எப்படி அளப்பது? எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது. வந்தவர் பிள்ளை போதையைத் தொடாமல் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

இதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்குச் சென்று பாடம் நடத்தினர். பெற்றோர் பாராட்டினர், திட்டம் நாடெங்கும் பரவியது. 1994இல் எட்டு மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மாணவர்களின் அறிவு கூடியிருந்தது. போதைப் பழக்கம் குறைந்ததோ மிகச் சொற்பம்.

ஆசியான் நாடுகளும் 2000இல் ஒரு கெடு வைத்தன: 2015க்குள் போதைப்பொருளற்ற வட்டாரம். அந்த ஆண்டு வந்து போனது, போதைப்பொருள் போகவில்லை.

மலேசியாவில் பலன் கண்ட முயற்சி வேறு வழியில் வந்தது. 2002இல் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஊசியால் போதைப்பொருள் ஏற்றிக்கொண்டவர்கள். 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கின. “போதைப்பித்தருக்கு ஊசி கொடுப்பதா?” என்று எதிர்ப்பு எழுந்தது. அரசு சாரா இயக்கத் தொண்டர்களோ தெருவில் இறங்கி அவர்களைத் தேடிச் சென்றனர். 2011இல் புதிய எச்.ஐ.வி. சம்பவங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஊசிவழித் தொற்றின் பங்கும் வெகுவாகச் சரிந்தது.

இதனால் போதைப் பழக்கமே ஒழிந்துவிட்டதா? இல்லை. ஹெரோயினின் இடத்தைப் பின்னர் சியாபு பிடித்துக்கொண்டது. அதற்கு மெத்தடோன் மருந்தல்ல. ஆயினும், எதைக் குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்ன திட்டத்தைத்தான் பின்னர் நேர்மையாக அளக்க முடிந்தது.

மண்டபம் நிறைந்ததைக் கண்டு மனநிறைவு கொள்ளும் சங்கங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் சங்கமே உண்மையில் தடுப்பு வேலை செய்கிறது.