சைக்கிளில் நெடும்பயணம்: உங்கள் ரிம்முக்கு எத்தனை மி.மீ. டயர் சரியாக இருக்கும்?

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போக வேண்டும் என்பது பலரின் கனவு. டென்ட், ஜாக்கெட் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூட, டயர் என்று வந்தால் 'அகலமா இருந்தா நல்லதுதானே' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் டயரின் அகலத்தைச் சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை; ரிம்மும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

டயரில் உள்ள எண்கள் என்ன?

டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் இருக்கும். 37 என்பது டயரின் அகலம். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மி.மீ. கணக்கு. 700சி, 29 இன்ச் இரண்டுக்கும் விட்டம் 622தான். ஆனால் '26 இன்ச்' என்ற பெயரில் 559, 590 என வெவ்வேறு அளவுகள் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் மாட்டாது. எனவே இன்ச்சை நம்பாமல் இந்த எண்ணைப் பாருங்கள்.

ரிம்மில் எதை அளப்பது?

உள் அகலத்தை. ரிம்மில் 622x19 என்று இருந்தால், 19 மி.மீ.தான் அது. எண் அழிந்திருந்தால் டயரைக் கழற்றி, இரண்டு சுவர்களுக்கும் இடையிலான உள்பக்க இடைவெளியை அளக்கலாம். வெளி அகலம் இதற்கு உதவாது.

எது பொருந்தும்?

உள் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை என்பது எளிய கணக்கு.

- 17 மி.மீ. ரிம்: சுமார் 25 – 34
- 19 மி.மீ. ரிம்: சுமார் 28 – 38
- 21 மி.மீ. ரிம்: சுமார் 32 – 42
- 25 மி.மீ. ரிம்: சுமார் 38 – 50

சில நிறுவனங்கள் இதைவிட அகலமான டயரையும் அனுமதிக்கின்றன. உங்கள் ரிம்மைத் தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையே இறுதி.

மாறிப்போனால் என்ன ஆகும்?

குறுகிய ரிம்மில் மிக அகலமான டயர் போட்டால், காற்று குறைவாக இருக்கும்போது வளைவுகளில் டயர் பக்கவாட்டில் ஆடும். அதைச் சரிசெய்யக் காற்றை ஏற்றினால் வேறு சிக்கல்: அதே அழுத்தத்தில், அகலமான டயர் ரிம் சுவரை இன்னும் பலமாக வெளியே தள்ளும். ரிம் பிரேக் உரசி ஏற்கெனவே தேய்ந்த சுவர் என்றால் பிளந்துபோகலாம். 5,300 மீட்டர் உயரத்தைத் தாண்டும் தங்லங் லா போன்ற கணவாயிலிருந்து சுமையோடு இறங்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அகலமான ரிம்மில் குறுகிய டயர் போட்டால், பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். டியூப் நசுங்கி பஞ்சர் ஆகும்; ரிம்மும் நெளியும்.

வாங்கும் முன்...

நல்ல தார்ச்சாலைக்கு, பைகளோடு போனாலும் 32 – 37 மி.மீ. போதும். ஜல்லியும் உடைந்த சாலையும் அதிகம் என்றால் 40-க்கு மேல் நல்லது. அதற்கேற்ற ரிம் வேண்டும். ஃபோர்க், பிரேக், மட்கார்டு ஆகியவற்றுக்கும் டயருக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். டயருக்கும் ரிம்முக்கும் சொல்லப்பட்ட அதிகபட்சக் காற்றழுத்தங்களில் எது குறைவோ, அதுதான் உங்கள் எல்லை.