ஊசிமுனையில் எழுதிய பெயர்

தஞ்சைத் தரணிக்கு ஊசி புதிதன்று. தேரில் அசைந்தாடும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் வண்ணத்துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த கைவேலைகளே. இவ்வூர்ச் சிறுமியர்க்குப் புள்ளியெண்ணி இழைக்கும் கணக்கும் கோலத்தால் கைவந்தது. ஆயினும் தேர்ச்சீலை தைத்தவர் பெயர் சொல்லாது. கோலம் பொழுதேறினால் அழிந்துவிடும்.

இழையெண்ணித் தைத்துப் பெயரும் பொறிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தழைத்தது. அம்மாதிரித் துணியைச் 'சாம்ப்ளர்' என்பர். ஆண்டு குறிக்கப்பெற்ற ஆங்கிலத் துணிகளுள் மிகப் பழையது 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னாளில் பள்ளிச் சிறுமியர் அகரவரிசை, பத்துக் கட்டளைகள், ஆதாம் ஏவாள் ஆகியவற்றைத் தைத்து, அடியில் தம் பெயரையும் வயதையும் இட்டனர். எழுத்து, பக்தி, அடக்கம் மூன்றும் ஓர் ஊசியாலேயே புகட்டப்பட்டன.

பெண்பிள்ளைக்கு வேதபாடத்தையும் கைவேலையையும் சேர்த்துப் பயிற்றும் அம்முறை காவிரிக் கரைக்கு வந்த வாயில் தரங்கம்பாடி. இரகுநாத நாயக்கர் 1620இல் டேனியர்க்கு அளித்த அவ்வூரில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். மறு ஆண்டே பெண்களுக்குப் பள்ளி கண்டார். அங்கு ஞானோபதேசத்தோடு நூற்றலும் பின்னலும் கற்பிக்கப்பட்டன. பெண் படித்து என்ன பயன் என்று கேட்ட உலகிற்குக் கைவேலை ஒரு விடையாயிற்று. அதன் நிழலில் எழுத்தும் உள்ளே நுழைந்தது எனலாம்.

தெற்கே நாகர்கோவிலில் இக்கைவேலை மற்றொரு கதவையும் திறந்தது. 1819இல் அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1855இல்தான்.

கற்பித்தவர் நோக்கம் கீழ்ப்படிதல். கற்றவர் கை அதனோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் எலிசபெத் பார்க்கர் என்னும் பணிப்பெண், 1830ஐ ஒட்டி, தான் பட்ட கொடுமையையும் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும் செந்நூலால் ஒரு துணி நிறைய எழுதினாள். இறைவனை நோக்கிய அவ்விண்ணப்பம் பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறது. அத்துணியும் முன்சொன்ன அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

பெண்ணெழுத்தின் வரலாற்றை ஏட்டிலும் அச்சிலும் மட்டும் தேடும் நாம், பழம்பெட்டிகளில் மடிந்துகிடக்கும் துணிகளையும் விரித்துப் பார்த்தல் வேண்டும். கவிஞர் கூடும் இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்விரல்களுக்கும் ஓரிடம் உரியது.